பின்விளக்கு எரிகிறதா

ஜூன் 3, செவ்வாய்

அம்மாவின் பீரோ வாசலுக்கு வந்துவிட்டது. கூடவே பதினோரு அட்டைப்பெட்டி. அம்மாவுக்கு வேறு ஊரில் வேலை, பெரியம்மா வீட்டு மாடியில் இடம். அப்பா போகவில்லை. பரீட்சை முடியும்வரை நான் அப்பாவோடு. "அப்புறம் பார்ப்போம்" என்றாள். பெரியவர்கள் அகராதியில் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

ஜீப் அம்மாவுடையது, பின்னால் மாட்டப்போகும் டிரெய்லர் அப்பாவுடையது. எட்டு மணி நேரப் பயணம், பாதி ரோட்டில் இருட்டு. டிரெய்லரில் விளக்கு எரியாமல் கிளம்பமாட்டாளாம்.

வாலு என்று சும்மாவா கூப்பிடுகிறார்கள் என்னை? டிரெய்லர் விளக்குக் கம்பியை ஜீப்பில் சொருகும் பிளக்கைத் திறந்தேன். மஞ்சள் கம்பியையும் பச்சைக் கம்பியையும் இடம் மாற்றினேன்.

ஜூன் 4, புதன்

இடது இண்டிகேட்டர் போட்டால் வலது மினுக்கியது. டிரெய்லருக்கே குழப்பம், எந்தப் பக்கம் சேருவது என்று. அப்பா பத்தே நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

ரெண்டு மாதமாகப் பேசிக்கொள்ளாதவர்கள். இன்று அம்மா ஜீப்பில் உட்கார்ந்து மிதிக்க, அப்பா பின்னால் நின்று கேட்டார். "பிரேக்." "மிதிச்சுட்டேன்." "இடது." "போட்டாச்சு." எண்ணினேன். மொத்தம் ஒன்பது வார்த்தை. எல்லாமே விளக்கைப் பற்றி. இருக்கட்டுமே.

ஜூன் 5, வியாழன்

நிறமே இல்லாத நெயில் பாலிஷ். பிளக்கின் ஒவ்வொரு முள்ளிலும் மெலிதாக ஒரு பூச்சு. பார்த்தால் புதுசு மாதிரி பளபளக்கும், கரண்ட் மட்டும் போகாது. அப்பா டெஸ்ட் பல்பை ஜீப் பக்கம் வைத்தார், எரிந்தது. டிரெய்லர் பக்கம் வைத்தார், இல்லை. மூன்று மணி நேரம். முப்பத்தாறு வார்த்தை. அம்மா ஒருமுறை சிரித்த மாதிரி இருந்தது. கண்ணாடியில் சரியாகத் தெரியவில்லை.

சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை. பல் பிடுங்கின அன்று கன்னம் மரத்துக் கிடக்குமே, அப்படி.

ஜூன் 6, வெள்ளி

அம்மா போனில்: "இல்ல சார், லைட் ரிப்பேர்… திங்கக்கிழமை கண்டிப்பா வந்துடுவேன் சார்." வராவிட்டால் வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்களாம். அம்மா யாரையும் இப்படிக் கெஞ்சி நான் கேட்டதில்லை.

உப்புத்தாள் எடுத்து முள்ளையெல்லாம் தேய்த்துவிட்டேன். போதும்டி வாலு.

ஜூன் 7, சனி

எரியவில்லை.

பிரேக்கை மிதித்தால் எல்லா விளக்கும் சேர்ந்து மங்கலாக, அரைத்தூக்கத்தில் கண் திறக்கிற மாதிரி — இது நான் செய்யல. சத்தியமா நான் செய்யல.

அப்பா, "நாளைக்குப் பார்க்கலாம்" என்று கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கை அழுக்காகவே இல்லை. டெஸ்ட் பல்பைக்கூட வெளியே எடுக்கல. ஏன் எடுக்கல?

ஜூன் 8, ஞாயிறு

காலையில் டிரெய்லருக்கு அடியில் புகுந்தேன். எல்லாம் ஒன்றாக மங்கினால் எர்த் கோளாறு, கரண்ட் திரும்பிப் போகும் வழியில் அடைப்பு. வெள்ளை எர்த் கம்பியின் போல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. கழற்றினேன். போல்ட்டைச் சுற்றி டேப். கம்பிக்கும் இரும்புக்கும் நடுவில் சைக்கிள் டியூப் ரப்பர், வட்டமாக, பிசிறில்லாமல் வெட்டினது. இந்த வீட்டில் அப்படி வெட்டுகிற கை ஒன்றுதான் இருக்கிறது.

அப்பாவா?

ரொம்ப நேரம் அங்கேயே படுத்திருந்தேன். அழுகை வருமா என்று பார்த்தேன். வரல. ரப்பரைப் பாக்கெட்டில் போட்டேன். டேப்பைப் பிரித்தேன். இரும்பைச் சுரண்டி, கம்பியை வைத்து இறுக்கினேன்.

அப்புறம் ரெண்டு பேரையும் கூப்பிட்டேன். அம்மா மிதித்தாள். பளிச்சென்று ரெண்டு சிவப்பு. "எரியுதா?" என்றாள். அப்பா பார்த்துக்கொண்டே நின்றார். "எரியுதாங்க?" மூன்றாவது தடவை கேட்டபோது நான்தான் சொன்னேன்.

"எரியுதும்மா."

மூன்று மணிக்குக் கிளம்பிவிட்டாள்.

ஜூன் 9, திங்கள்

அம்மா வேலையில் சேர்ந்துவிட்டாளாம்.

சாப்பிடும்போது அப்பா தட்டைப் பார்த்தபடியே கேட்டார்: "எர்த்தை நீயா மாட்டுன?"

"ஆமா."

"நல்லா இறுக்குனியா?"

"இறுக்குனேன்பா."

தலையாட்டினார். தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.