நேராக ஓடிய பச்சைக் கோடு

என் புக்கிட் பெருவாங் வீட்டில் பழைய கோப்புகளைப் பிரித்தபோது, நீ கொடுத்த தாள் நழுவி விழுந்தது. நடுவில் ஒரு பச்சைக் கோடு. சோதனைக்குப் பறந்த ஆளில்லா விமானத்தின் இயந்திரச் சூடு, கடைசி நான்கு நிமிடங்களுக்கு. ஓர் இடத்திலும் ஏற்ற இறக்கம் இல்லை. அந்தக் கோடு முடியும் இடத்தில்தான் விமானம் சுங்கை ரம்பாய் செம்பனைத் தோட்டத்துக்குள் விழுந்தது.

அதைக் காட்டித்தான் உன் நிறுவனம் ரேவதி மேல் பழி போட்டது. தரையிலிருந்து விமானத்தை ஓட்டியவள் அவள். இயந்திரம் கடைசிவரை நன்றாக இருந்ததாம், கோளாறு அவள் கையில்தானாம். வேலை நீக்கக் கடிதம் தயாராகிக்கொண்டிருந்தது.

பத்திரிகை நிருபனான என்னை நீ உம்பாய் மீன் சாப்பாட்டுக் கடைக்கு அழைத்தாய். இந்தத் தாளை என் பக்கம் நகர்த்தி, "இந்தக் கோட்ட நம்பாதடா" என்றாய். தோட்டப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். ஆனாலும் எனக்கு முதலில் வந்தது சந்தேகம்தான். அந்த எண்களை அனுப்பும் முறையை அமைத்தவனே நீ.

"உன்னை யாரு அனுப்பினா?"

"பாரு, பேப்பர்காரன் புத்தி! மீனத் தின்னுட்டுக் கேளுலா."

பிறகு நிதானமாகச் சொன்னாய். விமானத்திலிருந்து தரைக்கு வரும் ரேடியோ வழி குறுகலானது. கேமராப் படமும் அதிலேயே வர வேண்டும் என்று மேலிடத்தில் சொன்னார்கள். இடம் போதாததால், மாறிய அளவை மட்டும் அனுப்பும்படி அமைத்தாய். புது எண் வராவிட்டால் திரை பழைய எண்ணையே காட்டும். கருவி உயிரோடு இருக்கிறதா என்று தெரிய, நொடிக்கொரு முறை 'இருக்கிறேன்' என்று ஒரு குறி வரும். இடம் இன்னும் வேண்டும் என்றதும் அந்தக் குறியும் போனது. அன்று சூடு பார்க்கும் கருவியின் ஒயர் அறுந்திருந்தது. திரைக்கு அது தெரியவில்லை; கடைசியாக வந்த எண்ணையே கோடாக இழுத்துக்கொண்டிருந்தது.

"தோட்டத்துல காலையில ஆள் எண்ணுற பெரட்டு ஞாபகம் இருக்கா? பேரு கூப்பிட்டு ஆளு குரல் குடுக்கல. நேத்து வந்தான், இன்னிக்கும் வந்திருப்பான்னு மண்டோர் டிக் போட்டா எப்படி இருக்கும்? அதாண்டா இது."

"அந்தக் குறிய எடுத்தது யாரு?"

மீன் முள்ளை ஓரமாக ஒதுக்கினாய். "நான்தான்."

இவ்வளவு சுலபமாக யாரும் ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. யாரையோ காப்பாற்றுகிறாய் என்று நினைத்தேன். இன்னொருவர் உறுதி சொல்லாமல் எழுத மாட்டேன் என்றேன். உன் அலுவலகத்தில் மூவரைக் கேட்டேன், ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதற்குள் ரேவதிக்கு வேலை போனது. அடுத்த வாரம் மாரடைப்பில் நீ போனாய்.

உன் சாவு வீட்டில் அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அங்கிள் கையெழுத்துப் போட்ட லெட்டர், அறுந்த ஒயரோட போட்டோ, எல்லாம் என்கிட்டதான் இருக்கு. ஆபீஸ்ல எல்லாரையும் கேட்டீங்களாம். என்னைய மட்டும் கேக்கல."

"நீ ஒண்ணும் பேசலையேம்மா..."

"நீங்க கூப்பிடுவீங்கன்னு அங்கிள் சொன்னாரு. ஒரு போன் அடிச்சீங்களா?"

அவள் பேசாததால் அவளிடம் ஒன்றும் இல்லை என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

அந்த வாரமே எழுதினேன். அவளைத் திரும்ப வேலைக்கு எடுத்தார்கள். தவறு செய்தவன் என்று உன் பெயர் மட்டும் அச்சில் வந்தது.

உன் கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. 'குறியை நானே எடுத்தேன்' என்று எழுதியிருக்கிறாய். ஒரு திருகாணியை மாற்றவே மூன்று பேர் கையெழுத்து வேண்டும் என்று என்னிடம் புலம்பியவனும் நீதான். அந்த 'நானே'வை நான் நம்பவில்லை. உன் அலுவலகத்து மூவரையும் மாதம் ஒரு முறை போனில் அழைக்கிறேன். யாரும் எடுப்பதில்லை. அவர்களிடம் சொல்ல ஒன்றுமில்லை என்று இம்முறை நான் முடிவு கட்டவில்லை.