ஐம்பத்தொரு பேர்

மூன்றாம் டிவிஷன், கோலசிலாங்கூர்
3 மார்ச் 2024

அன்புத் தம்பி சுகுமாறனுக்கு,

நீ, மாதவி, பிள்ளைகள் எல்லாம் சௌக்கியம்தானே? போனில் நீ பேசுவது எனக்குச் சரியாகக் காதில் விழுவதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரத்தோடு நம் தோட்டத்துப் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். ஐம்பது பேராவது குடியிருந்தால்தான் பஸ்ஸாம். ஆபீசர் தலை எண்ண வந்தபோது நாற்பத்தேழு பேர்தான் இருந்தோம். நான் சும்மா இருப்பேனா? பொங்கலுக்கு உன்னிடம் சொன்னபடியே, நீங்கள் நாலு பேரும் என்னோடுதான் இருக்கிறீர்கள் என்று எழுதிக் கொடுத்தேன். பிள்ளைகளின் பழைய செருப்புகளைக்கூட வாசலில் வரிசையாகப் போட்டு வைத்தேன்.

அப்படியும் நீங்கள் இங்கே இல்லை என்று ஆபீசருக்குத் தெரிந்துபோயிற்று. அவர் உனக்குப் போன் செய்திருந்தால் நீ சரியாகத்தான் சொல்லியிருப்பாய். இது பக்கத்து வீட்டுத் தாயம்மா செய்த வேலை. "பொய் சொல்லாதக்கா, பாவம்லா" என்று அன்றைக்கே முணுமுணுத்தாள். வாரம் மூன்று நாள் தஞ்சோங் காராங்குக்கு டயாலிசிஸ் போக இனி நான் என்ன செய்வேன், சொல்.

உன் அக்கா
குமுதா

---

ஷா ஆலம்
14 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. பேசாமல் எங்களோடு வந்துவிடுங்கள். டயாலிசிஸ் இங்கே பக்கத்திலேயே இருக்கிறது. தாயம்மாக்காவைத் திட்டாதீர்கள், அவர் அப்படிப்பட்டவர் இல்லை. வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. பிறகு விவரமாக எழுதுகிறேன்.

அன்புடன்
சுகுமாறன்

---

மூன்றாம் டிவிஷன்
2 ஏப்ரல் 2024

அன்புத் தம்பிக்கு,

உன் ஏழாவது மாடியில் நான் யாரோடு பேசுவது? கடைசி வீட்டுச் செல்வா காய்கறி ஏற்றப் போகும் வேனில் ஒண்டிக்கொண்டு போய் வருகிறேன். போன வாரம் அவன் வரவில்லை. ஒரு தடவை டயாலிசிஸ் தவறி, கால் இரண்டும் பொதபொதவென்று வீங்கிவிட்டது.

தாயம்மா தன் மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து, "ஏறுக்கா, நான் கொண்டுபோய் விடறேன்" என்றாள். "காட்டிக் கொடுத்தவ வண்டியில ஏறுறதுக்கு நான் நடந்தே சாவேன்டி!" என்று லயத்து வீட்டு வரிசை முழுக்கக் கேட்கக் கத்தினேன். அழுதாள். நன்றாக அழட்டும். முப்பது வருஷம் என்னோடு ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தவளுக்கு எப்படி மனசு வந்தது?

அக்கா
குமுதா

---

ஷா ஆலம்
9 ஏப்ரல் 2024

அக்கா,

தாயம்மாக்கா இல்லை. நான்தான்.

பிப்ரவரியில் அந்த ஆபீசர் எனக்குப் போன் செய்தார். "இன்னும் எஸ்டேட் லயத்திலா இருக்கிறீர்கள்?" என்று கேட்டார். என்னைச் சுற்றி வேலையிடத்து ஆட்கள் நாலைந்து பேர். "இல்லை, ஷா ஆலமில் சொந்த வீடு" என்று சொல்லிவிட்டேன். எதற்குக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும் அக்கா. தெரிந்தும், லயத்து ஆள் என்று அவர்கள் முன்னால் சொல்ல வெட்கப்பட்டேன்.

உங்கள் முதல் கடிதம் வந்தபோதே சொல்லியிருக்க வேண்டும். பயந்துவிட்டேன். உங்கள் கால் வீங்கியதற்கு நான்தான் காரணம். ஞாயிற்றுக்கிழமை காரோடு வருகிறேன், என்னை அடியுங்கள்.

சுகுமாறன்

---

மூன்றாம் டிவிஷன்
16 ஏப்ரல் 2024

சுகுமாறனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ வந்து கதவைத் தட்டியது தெரியும். திறக்க மனசில்லை. உன் கடிதம் அதற்கு முன்தினமே வந்துவிட்டது.

படித்ததும் தாயம்மா வீட்டுக்கு ஓடினேன். பூட்டிக் கிடந்தது. உலு யாமில் இருக்கும் மகள் கண்மணி வீட்டோடு போய்விட்டாளாம். போகிற அன்று என் வாசலில் நின்று, "குமுதாக்கா, வரேங்க்கா" என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். நான் உள்ளே உட்கார்ந்துகொண்டு வாயைத் திறக்கவில்லை. பாவி நான்.

வருகிற ஞாயிறு காரைக் கொண்டு வா. உலு யாம் போக வேண்டும். அவள் முகத்தைப் பார்த்து நீதான் முதலில் பேச வேண்டும், பிறகு நான். அதுவரை வண்டியில் என்னோடு ஒரு வார்த்தை பேசாதே.

குமுதா