கேக்குக்குள் போன மூளை

இந்த வீட்டுக் கணவனும் மனைவியும் முந்தாநாளிலிருந்து பேசிக்கொள்வதில்லை. ஆகவே மனைவி இந்தச் சீட்டை ஃபிரிஜுக்கு எழுதுகிறாள். வேறு யார் கண்ணிலாவது பட்டால் படித்துக்கொள்ளலாம்.

சாப்பாடு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது. வெளியே கிளம்புகிறவர் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுக்கவும்.

நடந்தது இதுதான். மனைவியின் பேக்கரியில் லெசித்தின் பொடி தீர்ந்துவிட்டது. கேக் மாவில் எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் பிடித்துவைப்பது அதுதான். வீட்டு அலமாரியில் ஒரு டப்பா இருந்ததே என்று எடுத்துப் போய்விட்டாள். மூளைக்கும் ஈரலுக்கும் நல்லதென்று கணவர் ஐயா தினமும் காலையில் அதைத்தான் பாலில் கரைத்துக் குடிக்கிறார் என்பது அவளுக்கு மறந்துபோயிற்று. பாவம், அவள் அந்தப் பொடி சாப்பிடுவதில்லை.

"என் மூளையைத் தூக்கிக் கேக்குல போட்டுட்டியேடி!" என்ற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. கேக் வாங்கியவர்களோ, "இவ்வளவு மெத்துனு சாப்பிட்டதே இல்ல" என்றார்கள்.

புது டப்பா வாங்கி அதே இடத்தில் வைத்தாயிற்று. அதற்குப் பின்னால், ராத்திரியானால் ஐயா அதே ஈரலுக்கு ஊற்றிக்கொள்ளும் பாட்டில் ஒன்று இருந்தது. தேட வேண்டாம். பாத்திரம் கழுவும் தொட்டி குடித்துவிட்டது. தொட்டிக்கு ஈரல் கிடையாது.

பி.கு: ஈரல் டாக்டர் ஐயாவை இன்று சாயங்காலம் வரச் சொல்லியிருக்கிறார். மனைவி கடையிலிருந்து நேரே போய் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பாள். பேச வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

இடமில்லை, நெருக்கி எழுதுகிறாள்: ஃபிரிஜுக்குள் கேக் ஒரு துண்டு இருக்கிறது. ஐயாவுடைய மூளைதான். கெட்டுப்போவதற்குள் சாப்பிட்டுவிடவும்.