கத்தரிப்பூச் சீலை அடைத்த வண்டி

வைகாசி 4, சனி (96)

காலையிலிருந்து தூறல். குளிர் இன்னும் விடவில்லை. கட்டிடத்துக்குப் பின்னால் கார் விடும் இடத்தில் இன்று நின்றவர்கள்: மருமகன் குலேந்திரன், மகள் வசந்தி, புவனம், புவனத்தின் மகன் சுதன், நான். ஐந்து பேர். ஆறாவது ஆள் இல்லை.

புவனமும் மகனும் வண்டி பார்க்க வந்தார்கள். மருமகன் விற்கிற அந்தச் சிவப்பு வண்டி. முன்பாதி கார், பின்பாதி லொறி. இருபத்து நாலு வயது வண்டி. இங்கே கனடாவில் பழசு என்றால்தான் மவுசு. இரண்டு பனிக்காலம் வாடகைக் கராஜில் கிடந்து திருத்தினார். இப்போது முகம் பார்க்கலாம், அவ்வளவு மினுக்கம். விற்றால்தான் வீடு வாங்கலாம் என்று வசந்தி மூச்சுக்கு மூச்சு.

தமிழ்க் கடைக் கண்ணாடியில் ஒட்டிய விளம்பரத் துண்டைப் பார்த்துப் பெடியன் வந்தது. தாயையும் கூட்டி வருவான் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

புவனம். நாற்பத்தொரு வருடத்துக்குப் பிறகு. முழுக்க நரை. மூக்கு மட்டும் அதே மூக்கு.

என் தங்கச்சி பரிமளத்துக்கு வலிப்பு வருகிறது என்று மாப்பிள்ளை வீட்டுக்காரருக்குச் சொன்னவள். எங்கள் கிணற்றடியில் வைத்து. வெள்ளிக்கிழமை. பச்சைக் கரைச் சீலை. பரிமளத்துக்கு ஒருநாளும் வலிப்பு வந்ததில்லை. பிறகு ஒருவரும் பெண் கேட்டு வரவில்லை. தனியே இருந்து தனியே செத்தாள்.

என்னைக் கண்டதும் புவனம் கோட்டுப் பொத்தானைப் பூட்டினாள். ஏற்கெனவே பூட்டியிருந்த பொத்தான்.

பெடியன் நல்ல உயரம். "அன்ரி, நனையிறியள்" என்று குடையை என் தலைக்கு மேல் பிடித்தான். கிழமைக்கு இரண்டு தரம் மொன்றியலுக்குப் போய்க் கடைகளுக்கு மரக்கறிப் பெட்டி ஏற்றி வரப்போகிறானாம். முழுப் பாரம். பெரிய வீதியில்.

"அடிச்சட்டம் எல்லாம் திடமோ அண்ணை?"

"தம்பி, உது உன்ரை பேரப்பிள்ளையள் காலத்துக்கும் ஓடும்."

வசந்தி சிரித்தாள். அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. புவனத்தின் மூக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த ஞாயிறு எடுக்க வருகிறார்கள்.

வாங்க: பால், செத்தல் மிளகாய், கால்நோவுத் தைலம்.

வைகாசி 6, திங்கள்

வெயில், ஆனால் காற்று வெட்டுகிறது.

எனக்குத் தெரிந்தது இது. எழுத்தில் இருக்கட்டும்.

மாசி 13, செவ்வாய். கராஜுக்குச் சோறு கொண்டுபோனேன். வசந்திக்கு அன்று வேலை இல்லை, அவளும் அங்கே. வண்டியை முட்டுக்கொடுத்து உயர்த்தியிருந்தார். ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவுக்குக் கீழே, அடிச்சட்டத்தில் துருக்கறள் தின்ற ஓட்டை. பனிக்கு வீதியில் கொட்டுகிற உப்பு செய்த வேலை. என் கை மணிக்கட்டு வரை உள்ளே போனது. வசந்தி என் கத்தரிப்பூ நிறச் சீலையைத் துண்டு துண்டாக வெட்டி நீட்டினாள். என்னைக் கேட்கவில்லை. மருமகன் அதைப் பிசினில் தோய்த்து ஓட்டைக்குள் அடைத்தார். மேலே பசை. தேய்ப்பு. கறுப்புப் பூச்சு.

"இரும்பை வெட்டி ஒட்டேலாதோ தம்பி?"

"அதுக்கு முழு வண்டியையும் கழட்டோணும் மாமி. உது இறுகினால் இரும்புதான்."

காய்ந்த பிறகு தட்டிப் பார்த்தேன். வலது பக்கம் ணங். இடது பக்கம் பொத்.

ஓட்டலாம் என்ற கடதாசியும் எடுத்துவிட்டார். சோதித்துப் பார்த்த ஆள் வண்டியை உயர்த்தவே இல்லையாம். மருமகன் சாப்பிட்டுக்கொண்டே சிரித்துச் சொன்னது.

புவனம் மகனைப் பறிகொடுத்து நெஞ்சில் அடித்து அழுவதை நினைக்க முதலில் இனித்தது. பொய் எழுத மாட்டேன், இனித்தது. பிறகு அந்தக் குடை. என் தலைக்குப் பிடித்து, தன் தோள் முழுக்க நனைந்தவன்.

இன்று வசந்தியிடம் சொன்னேன். "அம்மா, நீங்கள் ஒண்டையும் காணேல்லை" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

வைகாசி 8, புதன்

இருவரும் வேலைக்குப் போன பிறகு குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த துண்டில் சுதன் வீட்டு எண்ணைப் பார்த்துத் தொலைபேசியில் அழுத்தினேன். புவனம்தான் எடுத்தாள்.

"ராசம் கதைக்கிறன்."

அவள் வைத்துவிட முன்னம் சொன்னேன்.

"உந்த வண்டியை வாங்காதை. அடிச்சட்டத்திலை ஓட்டை. என்ரை சீலையை அடைச்சுப் பூசிக் கிடக்கு. பாரம் ஏத்தினால் முறியும்."

"ஏன் எனக்குச் சொல்லுறாய்?"

"உனக்குச் சொல்லேல்லை. உன்ரை பெடியனுக்குச் சொல்லுறன்."

வைத்துவிட்டாள்.

பின்னேரம் புவனம் வசந்திக்குத் தொலைபேசி எடுத்தாள். வசந்தி குசினியில். நான் ஹோலில் கீரை ஆய்ந்துகொண்டு.

"ஐயோ அன்ரி, குறை நினையாதேங்கோ. அம்மாவுக்கு அறளை பேந்திட்டுது. அடுப்பிலை வைச்சதையும் மறந்துபோறா. கண்டது காணாதது எல்லாம் சொல்லுவா. டொக்டரிட்டைக் காட்டப்போறம்."

சொல்லச் சொல்லக் குரல் தழுதழுத்தது. நல்ல நடிப்பு என்று நினைத்தேன். பிறகு மூக்கைச் சிந்தினாள். உண்மைக் கண்ணீர்.

அடுப்பில் நான் மறந்தது எது? ஒன்றும் இல்லை.

வைகாசி 9, வியாழன்

வானம் மப்பு. அடுப்புத் திருகிகள் நான்கும் இல்லை. வசந்தி கைப்பையில் போட்டு வேலைக்குக் கொண்டுபோய்விட்டாள். தொலைபேசி அவர்கள் அறையில். அறைக்குப் பூட்டு. மத்தியானம் பாணும் வாழைப்பழமும்.

லிப்ற்றில் நாலாம் மாடிப் பெண், குழந்தையிடம் கதைப்பதுபோல்: "அம்மா, வீட்டு நம்பர் சொல்லுங்கோ பாப்பம்?" கட்டிடம் முழுக்கச் சொல்லியாயிற்று.

பின்னேரம் மருமகன் பக்கத்தில் வந்து இருந்தார். ஒருநாளும் இருக்காதவர்.

"மாமி, இண்டைக்கு என்ன கிழமை?"

"வியாழன். நீங்கள் பொம்பிளை பாக்க வந்ததும் வியாழன். போட்டுக்கொண்டு வந்த சப்பாத்து உங்கடை தமையன்ரை. கடிச்சு நொண்டினனீங்கள்."

சிரிக்கவில்லை. வசந்தியைப் பார்த்துத் தலையை ஆட்டினார், நான் பிழையாகச் சொன்னதுபோல.

வைகாசி 12, ஞாயிறு

நின்றவர்கள்: அதே ஐந்து பேர். பலத்த காற்று. கற்பூரம் இரண்டு தரம் அணைந்தது. பின்னேரம் நாலரைக்கு இராகுகாலம், அதற்கு முன் எடுக்க வேண்டும் என்று மூன்று மணிக்கே வந்துவிட்டார்கள். புவனம் சாம்பல் நிறக் கோட். வசந்தி நான்கு சில்லுக்கும் தேசிக்காய் வைத்தாள். சுதன் ஏறி இருந்து திறப்பைச் சாவித் துவாரத்தில் போட்டான்.

பாக்குவெட்டியை மடியில் செருகிக்கொண்டு போயிருந்தேன். நிலத்தில் குந்தி இருந்து, வண்டிக்கு அடியில் கையை விட்டுத் தட்டினேன். முன்னால் ணங். பின்னால் ணங். நடுவில் பொத்.

"அம்மா, எழும்புங்கோ! சனம் பாக்குது."

மருமகன் என் தோளில் பிடித்துத் தூக்கினார். பார்க்கிறவர்களுக்கு அன்பு. விரல் எலும்பில் இறங்கியது.

"பாத்தியளே அன்ரி, உப்பிடித்தான்," என்றாள் வசந்தி. "நாங்கள் படுற பாடு."

"மாசி பதின்மூண்டு, செவ்வாய்க்கிழமை. கத்தரிப்பூச் சீலை. வெட்டினது இவள்," என்றேன் நான்.

சுதன் தலையை வெளியே நீட்டினான். "விடுங்கோ அண்ணை. பாவம் அவ."

புவனம் என்னைப் பார்த்தாள். பிறகு வசந்தியை. பிறகு திரும்பவும் என்னை.

"அறளையோ? உவளுக்கோ? நாப்பத்தொரு வருசத்துக்கு முந்தி நான் கிணத்தடியிலை சொன்ன ஒரு பொய்யை, என்ன கிழமை, என்ன கரைச் சீலை எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சவள். உவள் ஒண்டையும் மறக்கிற ஆளில்லை. எடேய், இறங்கு."

"அம்மா..."

"இறங்கு எண்டுறன்!"

இறங்கினான். தாயும் மகனும் பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தார்கள். திரும்பிப் பார்க்கவில்லை. தேசிக்காய் நான்கும் நசியாமல் கிடந்தன.

பொய் என்றாள். தன் வாயால். கேட்கப் பரிமளம் இல்லை.

வீட்டில் வசந்தி சாப்பாட்டைப் போட்டு மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

வைகாசி 14, செவ்வாய்

மழை. வசந்தி டொக்டரிடம் கூட்டிப்போனாள். அவருக்குத் தமிழ் தெரியாது. வசந்திதான் இரண்டு பக்கமும் கதைத்தாள். இன்று என்ன தேதி, எத்தனை பிள்ளைகள் என்று கேள்வி. தேதி சொன்னேன், கிழமை சொன்னேன், பிள்ளைகள் பிறந்த நேரம், மருத்துவிச்சியின் பெயர், அன்று பெய்த மழை, எல்லாம் சொன்னேன். வசந்தி அவருக்கு இரண்டு சொல் சொன்னாள். அவர் தலையை ஆட்டிவிட்டு நிறைய எழுதினார். கடதாசியில் வசந்தி ஒப்பம் வைத்தாள்.

திரும்பி வர, வண்டி நின்ற இடம் காலி. நிலத்தில் வண்டி அளவுக்கு உலர்ந்த சதுரம். மழை அதை ஓரத்திலிருந்து தின்றுகொண்டிருந்தது.

"வித்தாச்சு மாமி," என்றார் மருமகன்.

"ஆருக்கு?"

"ஒரு வெள்ளைக்காரன். குனிஞ்சும் பாக்கேல்லை. மகளும் வந்தது, ஆறு வயசிருக்கும். அதின்ரை சைக்கிளைப் பின்னாலை ஏத்திக்கொண்டு போயிட்டினம்."

"பேர் என்ன? எங்கை இருக்கிறான்?"

"உங்களுக்கேன் அவன்ரை பேர்?"

கென்னடி றோட்டில் அம்புலன்ஸ் சத்தம். முன்பும் நாள் முழுக்கக் கேட்கிறதுதான். இன்று ஒவ்வொன்றுக்கும் ஜன்னலுக்குப் போகிறேன்.

எனக்கு அந்தப் பிள்ளையின் முகம் தெரியாது. சைக்கிள் என்ன நிறம் என்று கேட்டேன். வசந்தி கண்ணாடிக்கு முன்னால் சீப்பால் தலை இழுத்துக்கொண்டு நின்றாள். திரும்பாமலே சொன்னாள்.

"போய்ப் படுங்கோம்மா. நாளைக்கு உதெல்லாம் மறந்துபோவியள்."

புவனத்தை இன்றோடு விட்டேன். மருமகன் பிறத்தியார் பிள்ளை, அவரை எடுத்து என்ன. மன்னிக்க மாட்டாத ஆள் ஒன்றுதான். வசந்தி. நான் வைத்த பெயர்.