பழுப்புப் பூனையும் ஏணி வண்டியும்

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று தொலைபேசி இரண்டு முறை அடித்தது. முதலில் ஒருவர் முடி வெட்டும் கடையா என்று கேட்டார். இரண்டாவதும் அவரேதான். நான் பொய் சொல்லியிருப்பேனோ என்று சந்தேகம் போலிருக்கிறது.

இருபத்து மூன்று வருடமாக இந்தத் தீயணைப்பு நிலையத்தின் அழைப்பு அறை நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். ஊரில் நெருப்பு இவ்வளவு சாதுவாக இருந்து பார்த்ததில்லை. எல்லாம் எங்கள் நிலையத்துப் பையன்கள் செய்த வேலை. சனிக்கிழமை தவறாமல் கடை கடையாகப் போய் ஒயரைப் பார்த்து, ஸ்விட்சைப் பார்த்து, கடைக்காரர்களின் உயிரை வாங்கி, ஊரையே திருத்திவிட்டார்கள். பரிசு இன்று தபாலில் வந்தது. வீட்டு வரியோடு வசூலாகும் தீயணைப்பு வரியை இனி அழைப்புக் கணக்கைப் பார்த்துத்தான் நிலையங்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்களாம். மார்ச் கடைசிக்குள் இருநூறு அழைப்பு வராத நிலையத்தை மூடி, துறைமுக நிலையத்தோடு சேர்த்துவிடுவார்களாம். எங்கள் பதிவேட்டில் 139.

எங்கள் அதிகாரிக்கு நான் வைத்த பெயர் பெருமூச்சு. கடிதத்தைப் படிக்காமல் என்னையே படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, பெயருக்கேற்றபடி ஒன்று விட்டார். "நெருப்பு புடிக்கலைன்னா அதுக்கு நமக்கா அக்கா தண்டனை?"

சாயங்காலம் ஏணி வண்டி ஒத்திகைக்குப் போனபோது என் வீட்டு அலமாரியில் இருந்த கண்ணாடி டம்ளர் ஒன்று அதிர்ந்து விழுந்து உடைந்ததாம். நிலையமிருக்கும் தெருவிலேயே குடியிருப்பதற்கு இந்த வருடத்தின் மூன்றாவது டம்ளர்.

பிப்ரவரி 9, திங்கள்

வாசலுக்கு ஒரு அம்மாள் வந்தார். மோதிரம் விரலில் இறுகி, விரல் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. வண்டி ஓட்டும் தம்பி சின்ன ரம்பத்தால் அறுத்துக் கழற்றினான். நான் பேனாவை எடுத்தேன். எழுதலாமே? ஆபத்துதான், உதவிதான். பதிவு எண் 140.

இந்த மூளையெல்லாம் வீட்டுச் சாவியைத் தேடும்போது எங்கே போகிறதென்று தெரியவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

பேக்கரி வாசல் மரத்தில் பூனை. பையன்கள் போய்ச் சேர்வதற்குள் தானாக இறங்கிவிட்டது. எழுதினேன். இறங்கும்போது பார்த்துக்கொண்டாவது இருந்தார்களே.

பிப்ரவரி 20, வெள்ளி

இன்று பூனையே இல்லை. அதையும் எழுதினேன்.

மார்ச் 13, வெள்ளி

179. பொய்யில் இத்தனை உழைப்பு உண்டென்று யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு பூனைக்கும் நிறம், ஒவ்வொரு மரத்துக்கும் தெரு. கேட்டில் தலை மாட்டிக்கொண்ட குழந்தைகள் இரண்டு. அவற்றைப் பெற்றதும் நான்தான். பையன்கள் சிரித்துச் சிரித்து, "அக்கா, அந்தப் பழுப்புப் பூனைக்கு லீவே கிடையாதா?" என்கிறார்கள்.

மார்ச் 31, செவ்வாய்

204! பெருமூச்சு எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார், வழக்கம்போல ஒன்றையும் படிக்காமல். கேக் வாங்கி வந்தார். இரண்டு துண்டு தின்றேன்.

ஏப்ரல் 22, புதன்

கடிதம் வந்தது. நிலையம் பிழைத்தது. பணமும் வருகிறது.

இரண்டாவது பக்கத்தில், அழைப்புகளின் தன்மையை ஆராய்ந்தார்களாம். எங்கள் பகுதியில் வருவதெல்லாம் சின்னச் சின்ன உதவிகள், ஏணி வண்டி தேவைப்பட்டதே இல்லையாம். எனவே அதைத் துறைமுக நிலையத்துக்கு மாற்றிவிட்டு, எங்களுக்கு ஒரு சிறு மீட்பு வேன்.

பூனைக்கு எதற்கு ஏழு மாடி ஏணி? நியாயமாகத்தான் கேட்டிருக்கிறார்கள்.

மகள் வேலை செய்யும் மெத்தைக் கம்பெனி நான்காவது மாடியில். ஒரே படிக்கட்டு. சுற்றிலும் ஃபோம். சனிக்கிழமைச் சோதனைக்குப் போன பையன்கள் இன்னொரு படிக்கட்டு கட்டச் சொல்லி மூன்று முறை எழுதிக் கொடுத்த கட்டடம் அது. துறைமுகத்திலிருந்து வண்டி வர நாற்பது நிமிடம்.

மே 4, திங்கள்

ஏணி வண்டி போய்விட்டது. வேன் வந்தது. தம்பி அதன் கூரைமேல் ஏறி நின்று பார்த்தான். "முதல் மாடி ஜன்னல்ல காப்பி கொடுத்தா வாங்கிக் குடிக்கலாம் அக்கா. அவ்வளவுதான்."

டம்ளர்கள் அசையவில்லை.

மே 11, திங்கள்

மகளிடம் வேறு வேலை பார்க்கச் சொன்னேன். தலைவலி, தூரம், சம்பளம் என்று ஏதேதோ காரணம் அடுக்கினேன். அவள் சிரித்தாள். "நீ ஃபயர் ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கே. எனக்கென்னம்மா பயம்?"

சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. என்னன்னு சொல்றது? உங்கம்மா எழுதின பூனைக்கதை உன் ஏணியத் தூக்கிட்டுப் போயிடுச்சுடின்னா?

மே 14, வியாழன்

பெருமூச்சிடம் போய், உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன். அவர் மூச்சே விடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பொய்யை எடுத்துவிட்டால் எண்ணிக்கை 157, நிலையத்தையே மூடுவார்கள், எட்டுப் பையன்களும் தெருவில் நிற்பார்கள், எனக்கு வேலையும் போகும், ஓய்வூதியமும் போகும் என்று கணக்குச் சொன்னார். எல்லாம் சரி. வாயைத் திறந்தால் வேனும் போகும். திறக்காவிட்டால் ஏணி வராது. நானே கட்டிய கூண்டு, கதவு வைக்கத்தான் மறந்துவிட்டேன்.

மே 19, செவ்வாய்

மகள் வீடு திரும்பும்வரை ஜன்னலோரம் நிற்கிறேன். வந்ததும் எரிந்து விழுகிறேன்.

மே 27, புதன்

மத்தியானம் 3.10. தொலைபேசியை எடுத்து, "தீயணைப்பு நிலையம்" என்றேன்.

"அம்மா, நான்தான். பதறாதே."

கீழே இரண்டாவது மாடித் தையல் கம்பெனியில் துணி வெட்டும் இயந்திரம் புகைகிறது, படிக்கட்டு முழுக்கப் புகை, நான்காவது மாடி ஜன்னலில் பன்னிரண்டு பேர் நிற்கிறோம் என்றாள். என் குரல் என் பேச்சைக் கேட்டது, அதுவே அதிசயம். கதவைச் சாத்து, துணியை நனைத்து இடுக்கில் வை என்றேன். துறைமுகத்துக்குச் சொன்னேன். வேனை அனுப்பினேன்.

"ஏணி வண்டி வந்துட்டிருக்கா அம்மா?"

"வந்துட்டிருக்குடி."

வந்துகொண்டுதான் இருந்தது. நாற்பது நிமிடத் தூரத்தில்.

ஏணி வருவதற்குள் பையன்கள் முகமூடியோடு படியேறி இயந்திரத்தை அணைத்துவிட்டார்கள். புகை அடங்க இன்னும் இருபது நிமிடம். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. எதுவும் ஆகவில்லை. பதிவேட்டில் எழுதினேன்: புகை, நான்காம் மாடி, பன்னிரண்டு பேர், ஏணி இல்லை. "ஏணி இல்லை" என்பதற்கு அடியில் கோடு போட்டேன்.

வீட்டில் அவள் குளித்து, சாப்பிட்டு, தொலைக்காட்சி பார்த்தாள். நான் அவள் தலைமுடியை மோந்துகொண்டே இருந்தேன். "போதும்மா," என்றாள்.

மே 28, வியாழன்

தலைமையகத்துக்கு எழுதி அனுப்பிவிட்டேன். பொய்ப் பதிவு நாற்பத்தேழு. தேதி, தெரு, பூனையின் நிறம் உட்பட. எழுதியது முழுக்க நான்தான், யோசனையும் என்னுடையது. அதிகாரி படிக்காமல் கையெழுத்திட்டார் என்றும் சேர்த்தேன். அதை மட்டும் எல்லோரும் உடனே நம்புவார்கள்.

ஜூன் 10, புதன்

விசாரணை. தலைமையகத்திலிருந்து ஒரு கண்ணாடிக்காரர் வந்து மூன்று மணி நேரம் பதிவேட்டைப் படித்தார். இருபத்து மூன்று வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் வாசகர்.

"இந்தப் பழுப்புப் பூனை ஒரே வாரத்துல நாலு தெருவுல மாட்டியிருக்கு."

"ஆமாங்க. கொஞ்சம் சுறுசுறுப்பு."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை மறைக்கத்தான் என்று நினைக்கிறேன். பிறகு, உண்மை எண்ணிக்கை 157 என்றால் உங்கள் நிலையத்துக்குப் பணம் ஒதுக்க வழியில்லையே என்றார்.

மே 27-ஆம் தேதிப் பக்கத்தைத் திருப்பி வைத்தேன். "இது உங்க கணக்குல எத்தனை?"

"ஒண்ணு."

"மோதிரத்தை அறுத்தோமே, அது?"

அவர் காலையிலிருந்து மூடியே வைத்திருந்த பேனாவைத் திறந்தார்.

ஜூலை 3, வெள்ளி

வேலை போயிற்று. ஓய்வூதியத்தில் பாதி மிச்சம். நல்ல மனிதர்கள், முழுதாக முழுங்கவில்லை. என் வீட்டுக்காரர் ஆறுதலாகத் தோளைத் தட்டி, காப்பி போடச் சொன்னார்.

தம்பி வந்து செய்தி சொன்னான். ஒரு வருடம் நிலையத்தை விட்டுவைத்திருக்கிறார்களாம். ஏணியைப் பற்றிப் பேச்சே இல்லையாம். இனி எதையும் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்திட வேண்டும் என்று பெருமூச்சுக்குக் கண்டனக் கடிதம் வந்ததாம். அதைப் பெற்றுக்கொண்டதாகப் படிக்காமலே கையெழுத்துப் போட்டாராம்.

ஜூலை 21, செவ்வாய்

மகள் இன்னும் அங்கேதான் போகிறாள். நான் ஜன்னலில்.

ஆகஸ்ட் 19, புதன்

காலையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். சைரன் கேட்டது. வேன்தானே என்று தலையைக்கூடத் தூக்கவில்லை.

வேனுக்கு ஒருநாளும் அசையாத டம்ளர்கள் அலமாரியில் கலகலவென்று ஆடின. ஓரத்திலிருந்தது விழுந்து உடைந்தது.

எழுந்து ஓடவில்லை, முழங்கால் விடாது. கடிகாரத்தைப் பார்த்தேன். 11.42. எங்கே போகிறதோ தெரியவில்லை. அதை எழுத வேண்டியவள் இப்போது வேறொருத்தி.

சில்லைக் கூட்டி அள்ளினேன். மிச்சமிருந்த ஐந்தையும் ஒன்றையொன்று தொடும்படி நெருக்கி, மறுபடி ஓரத்திலேயே வைத்தேன்.