அடுப்படி மாமரம்

மார்ச் 4, வியாழன்

காலையிலிருந்து எங்கள் சர்க்கரை ஆலையின் கரும்பு எடைமேடைப் படம். எந்தக் காலத்திலோ ஒரு புண்ணியவான் மைப்பேனாவால் வரைந்தது; கரையான் தின்றது போக மீதி. அதை ஸ்கேன் செய்து, கணினித் திரையில் அதன் மேல் கோடு கோடாக மறுபடி வரைய வேண்டும். விதி ஒன்றுதான்: காகிதத்தில் இருப்பதை அப்படியே வரை, கூட்டாதே, குறைக்காதே. பக்கத்து மேசை யூலி நேற்று ஒரு தாளில் நசுங்கிக் கிடந்த கொசுவை வால்வு என்று நினைத்து வரைந்துவிட்டாள். "அதுவும் காகிதத்துலதான இபு இருந்துச்சு?" என்கிறாள். இபு, அதாவது அம்மா, என்கிற மரியாதைக்கு மட்டும் குறைவில்லை.

மார்ச் 9, செவ்வாய்

சுரபாயா தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு. மே மாதம் ஆலை அரைவை தொடங்குவதற்கு முன் ஓர் அதிகாரி புதுப் படங்களோடு வருவாராம். படத்தில் இல்லாத கட்டடம் ஆலை நிலத்தில் நின்றால் ஆக்கிரமிப்பு, இடித்துவிட வேண்டுமாம். மேலாளர் வினார்னோ ஐயா, எங்கள் வாயில் பாக் வினார்னோ, வாசித்தார். யாருக்கு ஆப்போ என்று நினைத்துக்கொண்டே வறுத்த வாழைப்பழம் தின்றேன்.

மார்ச் 15, திங்கள்

எனக்குத்தான்.

இன்று ஊழியர் குடியிருப்பின் தாள். நாங்கள் இருக்கும் வரிசையில், படத்தில் பதினொரு வீடுகள். மறுபடி எண்ணினேன், பதினொன்றுதான். என்னுடையது பன்னிரண்டாவது, வாய்க்கால் பக்கம் கடைசி வீடு. என் வீட்டுக்காரர் கார்னோ ஆலைக் கொதிகலனில் வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்தது. அவர் இறந்துபோன பிறகும், நான் படப் பிரிவில் இருப்பதால் என்னிடமே விட்டு வைத்திருக்கிறார்கள்.

அடியில் மொத்த நீளம் 108 மீட்டர் என்று சரியாகத்தான் எழுதியிருக்கிறது. ஒரு வீடு ஒன்பது மீட்டர். பன்னிரண்டாவது வீட்டுக்கு முன்னால் காகிதம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான். பிறகு வரையலாம் என்று விட்டு மறந்திருப்பார். யார்? மூலையில் கையெழுத்து இருக்கிறது: வினார்னோ. அப்போது அவர் இளம் வரைவாளர்.

விதிப்படி நான் பதினொன்றுதான் வரைய வேண்டும். என் வீட்டை என் கையாலேயே விட்டுவிட வேண்டும். என்ன பிழைப்பு இது?

மார்ச் 16, செவ்வாய்

சொன்னேன். கூட்டத்தில் வைத்துச் சொன்னதுதான் மடத்தனம். ஜாவாவில் பெரியவரிடம் ஒரு தவறைச் சொல்வதென்றால் மழையில் ஆரம்பித்து, பேரப்பிள்ளைகளைச் சுற்றி, முதுகுவலியில் கொஞ்சம் உட்கார்ந்து, பிறகுதான் விஷயத்துக்கு வர வேண்டும். நான் மழையிலிருந்து நேராக விஷயத்தில் குதித்துவிட்டேன்.

"பாக், ஒருவேளை அந்தக் காகிதம் கொஞ்சம் சின்னதா இருந்திருக்குமோ?"

பாக் வினார்னோ சிரித்தார். எங்கள் ஊரில் பயப்பட வேண்டியது அந்தச் சிரிப்புக்குத்தான்.

"நானே டேப் புடிச்சு அளந்தது. காகிதத்துல இருக்கிறத வரைங்க இபு லாஸ்மி."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

மார்ச் 17, புதன்

வரையவில்லை. தலைவலி என்று சொன்னேன். பொய்யும் இல்லை.

மார்ச் 19, வெள்ளி

பதினொன்று வரைந்தேன். சரிபார்க்கும் நிரல் திரை முழுக்கச் சிவப்பைக் கொட்டியது. கூட்டல் உதைக்கிறது, ஒன்பது மீட்டருக்குக் கணக்கு இல்லை, கோப்பை அனுப்ப முடியாது. காகிதம் பெரிய மனது படைத்தது, எதை எழுதினாலும் சும்மா இருக்கும். கணினி ஜாவாக்காரன் இல்லை. மேலாளர் முகத்துக்கு நேரே, அதுவும் சிவப்பில் சொல்லிவிட்டது.

யூலி போய் அவரை அழைத்து வந்தாள். திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு:

"அது தோட்டம்."

"தோட்டமா பாக்?"

"தோட்டத்துக்குன்னு அப்பவே விட்ட எடம்."

"ஆமா பாக்," என்றாள் யூலி. "பாத்தாலே தெரியுது."

"நல்ல எடம் பாக், தோட்டத்துக்கு" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். ஏன் அப்படிச் சொன்னேன்? வேறு என்னத்தைச் சொல்ல? — இவ்வளவு வருஷம் தலையாட்டிய கழுத்து, அது பாட்டுக்கு ஆடுது.

பச்சை நிறம் எடுத்து என் வீடு முழுவதும் புல் நிரப்பினேன். படுக்கையறையில் ஒரு செண்பக மரம். அடுப்பு இருக்கும் இடத்தில் ஒரு மாமரம். போகிற வீடு போகட்டும், காயாவது கிடைக்கட்டும். சிவப்பு மறைந்தது. கோப்பு சுரபாயாவுக்குப் போய்விட்டது.

ஏப்ரல் 2, வெள்ளி

பயமாக இருக்கிறது. பாசுருவானில் தங்கை வீட்டில் ஓர் அறை இருக்கிறது. ஆனால் அறையில் அவளுடைய மாமியாரும் இருக்கிறாள்.

ஏப்ரல் 21, புதன்

பாக் வினார்னோ என் வாசலில் வந்து நின்றார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. உள்ளே வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: என்னைவிட அவருக்குத்தான் பயம் அதிகம். தோட்டம் என்று கையெழுத்துப் போட்ட இடத்தில் வீடு நின்றால், ஓய்வுபெறும் வருஷத்தில் மானம் போகும். முன்கூட்டியே இடித்துவிடவும் முடியாது. இடித்தால், எதை இடித்தோம் என்று எழுத வேண்டும். எழுதினால் வீடு இருந்ததாகிவிடும்.

"ரவோன் கறிக்கொழம்பு நல்லா வைப்பீங்களாமே," என்றார். "வர்ற அதிகாரிக்கு நாளைக்கு சாப்பாடு இங்கயே வச்சுக்கலாம்."

"இங்கயா பாக்?"

"தோட்டத்துல."

ஏப்ரல் 22, வியாழன்

முன்வாசல் தூண்களில் வாழைமரம் கட்டினார்கள். ஆலை விருந்தினர் விடுதியிலிருந்து தொட்டிச் செடிகளெல்லாம் வந்து இறங்கின. உள்ளே கூடத்தில், மின்விசிறிக்குக் கீழே, கார்னோவின் படத்துக்கு நேர் எதிரே அதிகாரி உட்கார்ந்தார். என்னுடைய பச்சைப் படத்தை மடியில் விரித்தார். படத்தைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மறுபடி படத்தை.

"இது...?"

"தோட்டம்," என்றார் பாக் வினார்னோ, கண் சிமிட்டாமல்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் இன்னும் கொஞ்சம் சோறு கொண்டுவந்து வைத்தேன். அதிகாரி கருங்குழம்பில் மிதந்த இறைச்சியைப் பார்த்தார். பாக் வினார்னோவின் நரைத்த தலையைப் பார்த்தார். அவரும் எங்கள் பக்கத்து ஆள்தானே, பெரியவர் முகத்துக்கு நேரே தவறு என்பாரா?

"நல்ல நெழல்," என்றார்.

கையெழுத்துப் போட்டுவிட்டு இரண்டாம் முறை குழம்பு கேட்டார். பாத்திரம் கழுவும்போது தனியாக நின்று சிரித்தேன். சிரித்து முடிக்கும்போது ஏனோ அழுகை வந்தது. வீடு பிழைத்தது — வீடாக இல்லாவிட்டாலும்.

ஜூன் 4, வெள்ளி

தோட்டம் என்று இருந்தால் தோட்டக்காரர் வேண்டுமல்லவா? மிஸ்னான் வந்துவிட்டார், கையில் ரப்பர் குழாயும் என் படத்தின் நகலும்.

"வாரா வாரம் தண்ணி ஊத்தச் சொல்லி உத்தரவு, இபு. மாமரம் எங்க இருக்கு?"

அடுப்பைக் காட்டினேன். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குடத்திலிருந்து ஒரு செம்பு மொண்டு, அடுப்பிலிருந்த கெண்டியில் ஊற்றினார். காப்பி போட்டுக் கொடுத்தேன்.

"ஊத்தியாச்சு," என்று சொல்லிவிட்டுப் போனார். நேர்மையான மனிதர்.

அக்டோபர் 28, வியாழன்

மழை பிடித்துவிட்டது. அடுப்படியில் கூரை ஒழுகுகிறது. ஓடு கேட்டு எழுதியது திரும்பி வந்துவிட்டது: தோட்டங்களுக்கு ஓடு வழங்குவதில்லை. கையெழுத்து வினார்னோ.

ஏட்டில் இருக்கும் மாமரம் மழைக்கு ஒதுங்க உதவாது. அந்த மனிதர் மேல் இன்றைக்குத்தான் உண்மையான கோபம்.

நவம்பர் 17, புதன்

நோன்புப் பெருநாள் முடிந்து மூன்றாம் நாள். நாம்தான் பெரியவர்கள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்பது வழக்கம். நான் இந்த வருஷம் போகவில்லை. மாலையில் அவரே வந்தார், மழையோடு. அடுத்த மாதம் ஓய்வு. கையைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் சொல்வதைச் சொன்னார்:

"வெளிய தெரிஞ்சது, மனசுல இருக்கிறது, எல்லாத்தையும் மன்னிச்சிருங்க."

எதை என்று சொல்ல வேண்டியதில்லை. அதற்காகத்தான் பெருநாளே இருக்கிறது. நானும் அதையே திருப்பிச் சொன்னேன், கோபம் அப்படியே இருக்க.

உட்கார்ந்து அன்னாசி பிஸ்கட் ஒன்றைக் கையில் எடுத்தார். அடுப்படியில் அலுமினிய வாளியில் சொட்டுச் சொட்டென்று விழும் சத்தம்.

"கூரை ஒழுகுதே இபு."

"மழ பெஞ்சா தோட்டம் நனையத்தான செய்யும், பாக்."

பிஸ்கட் பாதி வழியில் நின்றது. பிறகு சிரித்தார். அந்தப் பழைய சிரிப்பு இல்லை இது. எழுந்து அடுப்படிக்குப் போய் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"காகிதம் சின்னதுதான்," என்றார், மிக மெதுவாக. வாளியிடம் சொன்னாரா, என்னிடமா, தெரியவில்லை.

நவம்பர் 26, வெள்ளி

காலையில் மிஸ்னான் கைவண்டி தள்ளிக்கொண்டு வந்தார். வண்டி நிறையப் புது ஓடுகள். சீட்டில் "மண் பூந்தொட்டி, தோட்டத்துக்கு" என்று எழுதி, கீழே பாக் வினார்னோவின் கையெழுத்து.

ஏணி போட்டு மேலே ஏறிவிட்டு, கூரையிலிருந்து கத்தினார்:

"இந்தத் தொட்டிங்கள எந்தப் பக்கம் வைக்கிறது, இபு?"

"மாமரத்துக்கு நேர் மேல," என்றேன்.

தேடாமல் சரியான இடத்துக்கே போனார்.