ஒட்டுப்பாலில் கட்டிய மணி

கொம்பாஸ் பெட்டியைத் திறந்ததும் அந்த நாற்றம் வந்தது. ஒட்டுப்பால். இறப்பர் மரத்தில் பால் வெட்டிய இடத்தில் காய்ந்து கிடப்பதை உரித்து இழுத்து விளையாடுவோமே, அந்த நாடா. ஒரு முழம் இருக்கும். மிச்சத்தை நீதான் என் பெட்டியில் போட்டு வைத்தாய். நீ போனதிலிருந்து நான் இதைத் திறக்கவில்லை.

அம்மா பக்கத்தில் தூங்குகிறாள். போர்வைக்குள் டோர்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். மண் சரிந்த பிறகு எங்களைத் தோட்டத்துப் பழைய ஸ்டோரில் வைத்திருக்கிறார்கள். ஒரு குடும்பத்துக்கும் அடுத்த குடும்பத்துக்கும் நடுவே ஒரு சேலைதான் சுவர். தாளைத் திருப்பினால்கூடக் கேட்கும்.

வரிசை வீடுகளான நம் லயத்துக்குப் பின்னால் மேட்டில் வெடிப்பு விட்டபோது, நீதான் இரண்டு பக்கமும் குச்சி நட்டாய். நடுவே ஒட்டுப்பால் நாடாவை இழுத்துக் கட்டி, உங்கள் ஆட்டின் மணியை அதோடு கோத்தாய். வெடிப்பு விரிந்தால் நாடா இழுபட்டு மணி அடிக்க வேண்டும். வேறு ஊர்ப் பிள்ளைகள் கயிறோ கம்பியோ தேடியிருப்பார்கள். நமக்கு வேலிக்கும் ஒட்டுப்பால், புத்தகக் கட்டுக்கும் ஒட்டுப்பால்.

மணி அடிக்கவே இல்லை. நீ லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தாய்: "மணி அடிக்கல, மண்ணு அசையல. பயப்படாம தூங்குங்க." உன் அப்பா, "எங்க இஞ்சினியரம்மா சொன்னா சரிதான்" என்று சிரித்தார். மணியை நம்பி நாமும் மேட்டுப் பக்கம் போவதை விட்டுவிட்டோம். வெடிப்பைப் புல் மூடியது.

பிறகுதான் பல்கலைக்கழகத்தில் பாடசாலைப் பிள்ளைகளுக்கான விஞ்ஞான, பொறியியல் நாள். தெரணியகலையிலிருந்து பஸ்ஸில் போனோம். நீ வழி முழுக்க எலுமிச்சை இலையைக் கசக்கி மோந்துகொண்டு வந்தாய். விஞ்ஞானம் படிப்பிக்கிற சேர் பஸ்ஸிலேயே எழுந்து நின்று சொன்னார்: "அங்க போயி லயம், வெடிப்புன்னு தோட்டத்துக் கதைய அவுத்து விடாதீங்க. ஸ்கூல் மானம் முக்கியம்."

மண்டபத்தில் பல்கலைக்கழகத்து அக்கா ஒருவர் ஒரு முள் தராசில் கம்பியையும் இறப்பரையும் மாறி மாறிக் கட்டி, ஒரே அளவு இழுத்துக் காட்டினார். கம்பியில் முள் உடனே ஆடியது. இறப்பரில் மெதுவாகத்தான் அசைந்தது. "கம்பி உடனே சொல்லிடும். இறப்பர் இழுபட்டு இழுபட்டு விஷயத்த மறைச்சிடும்" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். உன் முகம் மட்டும் மாறிவிட்டது.

"அடியே, நாம கட்டினது தப்புடி. மண்ணு அசஞ்சாலும் அது அடிக்காது."

கேள்வி இருக்கிறதா என்று அந்த அக்கா கேட்டார். நீ கையைத் தூக்கினாய். வெடிப்பு எத்தனை விரல் அகலம் விரிந்தால் லயத்தைவிட்டு வெளியேற வேண்டும் என்று கேட்கப் போவதாக என் காதில் சொன்னாய். முன் வரிசையிலிருந்து சேர் திரும்பிப் பார்த்தார்.

திங்கட்கிழமை நீ இரண்டு கையையும் விரித்துக் காட்டி அவரிடம் ஒரு பாகம் கம்பி கேட்டாய். விஞ்ஞான அறை அலுமாரியில் ஒரு சுருள் பிரிக்காமலேயே கிடந்தது. "மணி கட்டி வெளையாடுற வயசா ஒனக்கு? போயி பாடத்தப் பாரு" என்றார்.

அன்றைக்கே பள்ளிக்கூடம் விட்டதும் மழையோடு மழையாக, உங்கள் வீட்டுத் துணிக்கொடிக் கம்பியை அவிழ்த்துக்கொண்டு மேட்டில் ஏறினாய். நான் கீழே உன் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலேயிருந்து கத்தினாய்: "ஒரு வெரல் இருந்தது இப்ப நாலு வெரல்டி. எல்லாரையும் வெளிய வரச் சொல்லு." நான் கதவு கதவாகத் தட்டிக்கொண்டு ஓடினேன். எல்லாரும் வெளியே வந்தார்கள். நீ வரவில்லை. மேடு சரிந்து இறங்கும்போதுகூட அந்த மணி அடிக்கவில்லை.

அனுதாபக் கூட்டத்தில் சேர், "மழையில் மேட்டில் விளையாடப் போன பிள்ளை" என்று பேசினார். சொல்பவர் சேர் என்பதால் உன் அப்பாவும் தலையாட்டிக்கொண்டு நின்றார்.

நாளைக்கு அந்தப் பல்கலைக்கழகத்தாரும் தோட்டத்து ஒபிஸ்காரர்களும் நம் பள்ளிக்கூடத்துக்கே வருகிறார்கள். சிங்களத்தில் நன்றியுரை சொல்ல சேர் என்னைத் தெரிவு செய்திருக்கிறார். எழுதித் தந்ததும் அவர்தான். மூன்றாவது வரியில் நீ இருக்கிறாய்: "பாதுகாப்பற்ற இடத்தில் விளையாடி உயிரிழந்த எமது மாணவி." அதை என் வாயால் வாசிக்க வேண்டுமாம். "நீ நல்ல பிள்ள. அவளோட துடுக்குத்தனம் ஒனக்கு இல்ல" என்று முதுகில் தட்டினார்.

முதல் இரண்டு வரியையும் அவர் எழுதியபடியே வாசிப்பேன். அவர் சிரித்துக்கொண்டு நாற்காலியில் சாயட்டும். மூன்றாவது வரியில் தாளை மடித்து வைத்துவிட்டு, அந்தக் கம்பிச் சுருளை எடுத்து அவர் முன்னால் மேசையில் வைப்பேன். இன்றைக்கு விஞ்ஞான அறையைக் கூட்டிப் பெருக்கும்போது அலுமாரியிலிருந்து எடுத்துவிட்டேன். இப்போது என் தலையணைக்குள் இருக்கிறது. இன்னும் உறை பிரிக்கவில்லை. நீ எதற்கு அதைக் கேட்டாய், அவர் என்ன பதில் சொன்னார் என்று அந்த அக்காவுக்கும் தோட்டத்து ஒபிஸ்காரர்களுக்கும் விளங்குகிற சிங்களத்தில் சொல்வேன். அந்தச் சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் அவர் முகத்திலேயே நிற்பதை நான் பார்க்க வேண்டும். அவர் தலை குனிந்தால் நிமிரும்வரை காத்திருப்பேன்.

"புது வீட்டு லிஸ்டுல நம்ம பேரு இருக்கு. அதுக்கு கமிட்டியில இருக்குற சேரும்தான் கையெழுத்து வைக்கணும். வாயத் தொறந்து கெடுத்துறாத" என்று அம்மா சாயங்காலம்கூடச் சொன்னாள். என் முகத்தில் எதையோ பார்த்திருக்கிறாள்.

இன்னொன்றையும் நாளைக்குச் சொல்ல வேண்டும். அன்றைக்கு மண்டபத்தில் சேர் திரும்பிப் பார்க்க மட்டும்தான் செய்தார். "சேர் பாக்குறாருடி" என்று உன் கையைப் பிடித்துக் கீழே இறக்கியது நான். எலும்பு வலிக்கிற அளவுக்கு அழுத்திப் பிடித்தேன். கேள்வி நேரம் முடியும்வரை விடவில்லை. அவரை நான் விடப்போவதில்லை. என்னையும் விடமாட்டேன்.

அந்த ஒட்டுப்பால் நாடாவை என் வலது மணிக்கட்டில் கட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நாளைக்கும் இது அங்கேயே இருக்கும். நாறினால் நாறட்டும். மேடையில் நான் தனியாகத்தான் நிற்பேன். கையைப் பிடித்து இறக்க, என்னைப் போல ஒருத்தி பக்கத்தில் இருக்க மாட்டாள்.